‘ரெஸ்ட் எடுங்க’ என்றால் போதுமா?

தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 64,105 சாலை விபத்துகள் நடந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. நாட்டிலேயே இதுதான் அதிகம். உயிரிழந்தவர்களுக்கு ஒரு கணக்கு, காயமடைந்தவர்களுக்கு ஒரு கணக்கு என்று அதில் எல்லாம் இருக்கிறது. கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்பியவர்கள் அடுத்த ஆறு மாதத்தை, ஒன்பது மாதத்தை எப்படிக் கழித்தார்கள் என்பது மட்டும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. கபடி ஆடி முட்டி போனவர்களும் ஓட்டப் பயிற்சியில் கால் போனவர்களும் இந்தக் கணக்குக்குள்ளேயே வருவதில்லை.

அந்த ஆறு மாதத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஓடிப் பழகிய உடம்பு, ஆடிப் பழகிய உடம்பு, தினம் மலை ஏறி இறங்கிய உடம்பு திடீரென்று கட்டிலில் கிடக்கும்போது மனம் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. எலும்புக்குத் தட்டு வைத்து ஸ்க்ரூ போடுவதில் நம் அரசு மருத்துவமனைகள் எவ்வளவோ தேறிவிட்டன. ஆனால் மனம் காத்திருக்க முடியாமல் தவறினால் அந்த ஸ்க்ரூவும் வீணாகிவிடும். மனத்தைப் பார்ப்பதும் எலும்பு சிகிச்சையின் ஒரு பகுதிதான் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தை வைத்து இதைப் பேசக் காரணம் உண்டு. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான மாவட்டம் இது. சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் வழியாகப் போகும் சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை நெடுங்காலமாக விபத்துக்குப் பேர் பெற்றது. மேற்கே கல்வராயன் மலை. கீழே கரும்பும் நெல்லும், மேலே மரவள்ளியும் சாமையும். பெரிய தொழிற்சாலைகள் குறைவு. ஆகவே, இங்கே உடம்புதான் பல வீடுகளுக்கு முதல். அந்த உடம்பு படுத்துவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை ஊரில் எல்லோரும் அறிவார்கள். அதைப் பற்றிப் பேசுவதுதான் குறைவு.

கிரவுண்டுக்குப் போகாத காலை

இந்த மாவட்டத்தின் எந்தச் சிற்றூருக்கும் விடியற்காலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். பள்ளி மைதானத்திலோ ஏரிக்கரையிலோ பத்துப் பதினைந்து இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். சீருடைப் பணியாளர் தேர்வுக்கான பயிற்சி. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அதைத் தாண்டினால்தான் கயிறு ஏறுதலும் நீளம் தாண்டுதலும். எழுத்துத் தேர்வுக்குப் புத்தகம் போதும். இதற்கு மாதக்கணக்கில் ஓட வேண்டும்.

வயது வரம்பும் கழுத்தைப் பிடிக்கும். பொதுப் பிரிவினருக்கு 26, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 28, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 31. முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு உடைந்தால் கூடுவதற்கு நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். அதன் பிறகு நடை, அதன் பிறகு ஓட்டம். இருபத்தைந்து வயதுக்காரருக்கு அந்த ஓராண்டு என்பது வெறும் ஓராண்டு அல்ல, கையில் இருந்த கடைசி வாய்ப்பாகவும் இருக்கலாம்.

சங்கராபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்படிப்பட்ட ஓர் இளைஞரைப் பார்த்தேன். கிரவுண்டுக்குப் போகிற வழியில் பைக் சறுக்கி விழுந்தவர். தொடை வரை மாவுக்கட்டு. உள்ளே அரிக்கும்போது சொறிந்துகொள்ள ஒரு தென்னை ஈர்க்கைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். (அப்படிச் செய்யக் கூடாது, தோல் கிழிந்து சீழ் வைத்துவிடும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.) கழிவறைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று கட்டிலைக் கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதனால் வருவோர் போவோர் எல்லோர் கண்ணிலும் அவர் படுகிறார். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வருகிற ஒவ்வொருவரும் கேட்பது ஒரே கேள்வி: “எப்பப்பா எந்திரிச்சு நடப்ப?”

அவர் என்னிடம் சொன்னது இது: “கால் வலி பரவால்லண்ணா. அஞ்சு மணிக்குப் பசங்க ஓடுற சத்தம் கேக்குது பாருங்க, அதான் தாங்க முடியல.”

அவர் இழந்தது உடற்பயிற்சியை மட்டும் அல்ல. விடியற்காலையில் எழக் காரணம் போய்விட்டது. சேர்ந்து ஓடிய பையன்கள் ஒரு வாரம் வந்து பார்த்தார்கள், பிறகு குறைந்துவிட்டார்கள். “போலீசுக்குப் போறவன்” என்று ஊர் கொடுத்திருந்த பேரும் போய்விட்டது. அம்மா கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறார். அப்பா பேசுவதையே நிறுத்திவிட்டார். பேசினால் பையன் அழுதுவிடுவானோ என்று அவருக்குப் பயம். பேசாததால் அப்பாவுக்குக் கோபம் என்று பையனுக்கு எண்ணம். இருவருக்கும் நடுவில் யாராவது ஒருவர் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசியிருந்தால் அந்த வீட்டின் பாதிப் பாரம் குறைந்திருக்கும்.

உடம்பு நின்றால் உறக்கமும் கெடும்

இதெல்லாம் மனத்தைரியம் இல்லாதவர்களுக்கு வருவது என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. அமெரிக்க மனநல ஆய்வாளர் ஃபிரடெரிக் பேக்லேண்ட் 1970-இல் ஓர் ஆய்வு செய்தார். வழக்கமாக உடற்பயிற்சி செய்பவர்களை ஒரு மாதம் நிறுத்தச் சொன்னால் என்ன ஆகும் என்று பார்க்க நினைத்தார். தினமும் பயிற்சி செய்கிறவர்களுக்குப் பணம் தருகிறேன் என்று சொல்லியும் அவர்கள் நிறுத்த ஒப்பவில்லை. கடைசியில் வாரம் மூன்று நான்கு நாள் மட்டும் பயிற்சி செய்யும் கல்லூரி மாணவர்களை வைத்துத்தான் ஆய்வை நடத்த முடிந்தது. அவர்களுக்கே ஒரு மாதத்தில் உறக்கம் கெட்டது, இரவில் அடிக்கடி விழிப்பு வந்தது, பதற்றம் கூடியது. அவர்கள் கால் உடையாதவர்கள், வலி இல்லாதவர்கள், எதிர்காலம் கேள்விக்குறி ஆகாதவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டமும் விளையாட்டும் உடம்பில் சில இயற்கையான சுரப்புகளைத் தூண்டுகின்றன. அவை வலியைக் குறைத்து மனத்தை லேசாக்குகின்றன. உடல் களைத்தால் ஆழ்ந்த உறக்கம் வருகிறது. திடீரென்று எல்லாம் ஒரே நாளில் நின்றால் எரிச்சல் வரும், காரணம் இல்லாமல் அழுகை வரும், பசி மாறும். முதல் சில வாரங்களில் இது இயல்பு. காயம்பட்டவரிடமும் வீட்டாரிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பயம் தீரும். “இவனுக்கு என்னமோ ஆயிடுச்சு” என்று வீடு பதறாது; “எனக்குப் பைத்தியம் பிடிக்குதோ” என்று அவரும் பதற மாட்டார்.

முன்கூட்டியே சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. மாவுக்கட்டை வெட்டி எடுக்கும் நாளைத் திருவிழாவுக்குக் காத்திருப்பது போல வீடே எதிர்பார்த்திருக்கும். கட்டுக்குள்ளிருந்து வெளிவரும் கால் இளைத்து, தோல் வறண்டு செதில் செதிலாக, மறு காலில் பாதியாகத் தெரியும். முட்டி மடங்காது. தன் காலையே அடையாளம் தெரியாமல் உடைந்து அழுதவர்கள் பலர். தசை இளைப்பது எல்லோருக்கும் நடப்பது, பயிற்சியில் திரும்ப வரும் என்று கட்டுப் போடும் நாளிலேயே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குச் செலவு எதுவும் இல்லை.

அவசரம்தான் முட்டியை மறுபடி உடைக்கிறது

கபடிக்காரர்களிடம் ‘ஏசிஎல்’ என்ற சொல்லை இப்போது சாதாரணமாகக் கேட்கலாம். முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் அது. பாய்ந்து திரும்பும்போது கிழிந்துவிடும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எப்போது களத்துக்குத் திரும்பலாம் என்பதில் நார்வே ஆய்வாளர் ஹெகே கிரிண்டெம் குழு 2016-இல் வெளியிட்ட முடிவு உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஒன்பது மாதம் வரை, திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முட்டி மறுபடி காயப்படும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது.

ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும் என்பது மருத்துவருக்குத் தெரியும், ஆடுபவருக்கும் தெரியும். பிறகு ஏன் நான்காம் மாதமே முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு மாட்டுப் பொங்கல் கபடியில் இறங்குகிறார்கள்? கூட இருந்தவர்கள் கூப்பிடுகிறார்கள். வீட்டில் சும்மா இருக்கிறான் என்ற பேச்சு காதில் விழுகிறது. தன் இடத்தை வேறொருவன் பிடித்துவிட்டான். இந்த மூன்றுமே மனம் சம்பந்தப்பட்டவை. ஊசியோ மாத்திரையோ இவற்றுக்குக் கிடையாது. ஆனால் முட்டி மறுபடி கிழிவது இவற்றால்தான்.

பவன் செஹ்ராவத்தைக் கபடி பார்ப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி அவரை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அதுவரை புரோ கபடியில் எவருக்கும் தரப்படாத தொகை. அக்டோபரில் குஜராத்துடன் நடந்த முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடி. அந்தப் பருவம் முழுக்க அவர் ஆடவில்லை. அவர் இல்லாமலேயே தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்கும் போனது. வெளியே உட்கார்ந்து அதைப் பார்ப்பது ஓர் ஆட்டக்காரருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சரியாக ஓராண்டு கழித்து, 2023 அக்டோபரில், ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கித் தங்கம் வென்றார். அவசரப்படாமல் இருந்ததன் பலன் அது. அவசரப்படாமல் இருக்க அவருக்குப் பணம் இருந்தது, சிகிச்சையாளர்கள் இருந்தார்கள், திரும்பி வந்தால் எடுத்துக்கொள்ள அணிகள் காத்திருந்தன.

பக்கத்துச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜனுக்கும் அதுதான் நடந்தது. ஆஸ்திரேலியாவில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமாகி நாடே கொண்டாடிய சில மாதங்களில், 2021 ஏப்ரலில் முழங்கால் அறுவைச் சிகிச்சை. ஐபிஎல் பருவம் பாதியில் போனது. அவருக்கும் பின்னால் கிரிக்கெட் வாரியம் இருந்தது.

இவ்வளவு வசதி இருந்தும் மனம் தளர்வதைத் தடுக்க முடியாது என்பதற்குக் கிரிக்கெட் வீரர் அஸ்வின் சாட்சி. 2018-க்கும் 2020-க்கும் இடையே காயங்களால் அவதிப்பட்டபோது ஓய்வு பெற்றுவிடலாமா என்று யோசித்ததாக 2021 டிசம்பரில் ஒரு நேர்காணலில் வெளிப்படையாகச் சொன்னார். அதில் என்னை உலுக்கியது வேறொன்று. காயம்பட்ட மற்றவர்களுக்குக் கிடைத்த ஆதரவு தனக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை என்று அவர் வருந்தியிருந்தார். நூற்றுக்கணக்கான டெஸ்ட் விக்கெட் எடுத்தவருக்கே, தனக்காகக் காத்திருக்க ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை தேவைப்பட்டது. சங்கராபுரம் பக்கத்துப் பையனுக்குத் தேவைப்படாதா?

இங்கே ஒரு வேண்டுகோள். மாரியப்பன் தங்கவேலு நம் பக்கத்து மாவட்டத்துப் பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்தவர். ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வென்றவர். அவரைப் போற்றுவோம். ஆனால் கட்டிலில் கிடப்பவரிடம் போய், “மாரியப்பனப் பாரு, உனக்கென்ன கேடு?” என்று கேட்காதீர்கள். ஒருவரின் சாதனையை எடுத்து இன்னொருவரின் வலியின் மேல் அடிக்கக் கூடாது. காயம்பட்டவர் தன் துக்கத்தைச் சொல்லி முடிக்கும் வரை கேட்பதே பெரிய உதவி.

பெண் பிள்ளையின் முட்டி

ஆண் பிள்ளை கால் உடைந்து கிடந்தால் ‘எப்போது மறுபடி ஓடுவாய்’ என்று கேட்கிறோம். பெண் பிள்ளையிடம் அதைக் கேட்பதில்லை. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் வந்த பிறகு அரசுப் பள்ளி மாணவிகள் நிறையப் பேர் கபடிக்கும் தடகளத்துக்கும் வருகிறார்கள். அவர்களில் ஒருத்திக்கு முட்டி போனால் வீட்டில் வரும் முதல் வார்த்தை “ஆடினது போதும்” என்பதுதான். “கால் நொண்டின்னு பேராயிட்டா நாளைக்கு யார் கட்டிக்குவா?” என்பது அடுத்த வார்த்தை. ஆறு மாதத்தில் ஆறிவிடும் காயம் அவளுடைய விளையாட்டையே முடித்துவைக்கிறது. அவளுக்குக் கட்டிலில் படுக்கவும் நேரம் தருவதில்லை. கையால் செய்யக்கூடிய வீட்டு வேலை எல்லாம் அவள் பக்கம் நகர்த்தப்படும்.

உடற்கல்வி ஆசிரியர்கள் இங்கே நினைத்தால் நிறையச் செய்யலாம். காயம் பட்ட வாரமே வீட்டுக்குப் போய், “இது குணமாகும், இவ்வளவு நாளாகும், பிள்ளைக்கு அணியில் இடம் இருக்கும்” என்று பெற்றோர் முன்னால் சொல்லிவிட்டு வர வேண்டும். சொல்வது ஆசிரியை என்றால் இன்னும் நல்லது.

மலையில் நடை நின்றால்

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி ஏறினால் வெள்ளிமலை. கல்வராயன் மலையில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். மரவள்ளிக் காட்டுக்கும், கடுக்காய் பொறுக்கவும், தேன் எடுக்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் நடைதான். அங்கே யாரும் உடற்பயிற்சி என்ற பேரில் எதையும் செய்வதில்லை. அதனாலேயே நடை நின்றால் அங்கே இழப்பு பல மடங்கு. மரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு போனவருக்குக் காடு இல்லை, சந்தை இல்லை, பக்கத்துக் குக்கிராமத்து உறவும் இல்லை. நகரத்தில் வீல்சேர் வைத்துக்கொண்டாவது தெருமுனை வரை போகலாம். மேடும் பள்ளமுமான ஒற்றையடிப் பாதையில் வாக்கர் கூட நிற்காது.

சாலை இல்லாத குக்கிராமங்களிலிருந்து நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வரும் படங்கள் செய்திகளில் வந்திருக்கின்றன. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் சாலை, மருத்துவம், கல்வி பற்றி வழக்கு எடுத்து விசாரித்தது. கீழே சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது; 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட 11 புதிய கல்லூரிகளில் ஒன்று. அறுவைச் சிகிச்சைக்கு ஒரு முறை கீழே இறங்கிவிடலாம். அடுத்த மூன்று மாதத்துக்கு வாரம் இரண்டு முறை பிசியோதெரபிக்கு உடைந்த காலோடு மலை இறங்கி ஏறுவது எப்படி? பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஒன்றிரண்டு முறை வருவார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். முட்டி மடங்காமலே நின்றுவிடும்.

இதனால்தான் பலரும் நாட்டு வைத்தியரிடமும் புத்தூர்க் கட்டுக்கும் போகிறார்கள். இறுக்கிக் கட்டிய கட்டால் ரத்த ஓட்டம் நின்று கையையே இழந்தவர்கள் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் மக்கள் ஏன் போகிறார்கள் என்று மருத்துவர்கள் யோசிக்க வேண்டும். அங்கே ஒருவர் காலைத் தொட்டுப் பார்க்கிறார், உட்கார்ந்து பேசுகிறார், இன்ன நாளில் கட்டு மாற்றுவேன், இன்ன நாளில் கால் ஊன்றலாம் என்று தேதி சொல்கிறார். நாள் தெரிந்தால் மனம் காத்திருக்கும்.

குடிக்குப் போகும் வழி

இதைச் சொல்லாமல் கள்ளக்குறிச்சியைப் பற்றி எழுத முடியாது. 2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றுப் பகுதிகளிலும் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அந்தத் துயரத்துக்குக் காரணங்கள் பல; அவற்றை இங்கே கலக்கவில்லை. ஆனால் வலி, வருமானம் இல்லாத நாள்கள், பகல் முழுக்க வேலையில்லாமல் கிடப்பது, ஆறுதல் சொல்ல வரும் நண்பர் “வலி தெரியாம இருக்கும்” என்று நீட்டும் ஒரு கட்டிங், இவை எல்லாம் சேர்ந்தால் ஒருவர் குடிக்குள் போகும் பாதை மிகக் குறுகியது. வலி மாத்திரையைப் போதைக்குப் பயன்படுத்தும் சிக்கலும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அடிபட்டவரைப் பார்க்கப் போகும்போது அவர் கையில் என்ன இருக்கிறது என்பதைக் கவனிப்பது உறவினரின் கடமை.

எது கூடாது என்று சொன்னது போதும்

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். மாத்திரைகளின் பேர், திரும்ப வர வேண்டிய நாள், பிறகு ஓய்வு. வாய்மொழியாகக் கால் ஊன்றக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, எடை தூக்கக் கூடாது. கூடாது, கூடாது என்றே எல்லாம். என்ன செய்யலாம் என்று ஒரு வரி இல்லை.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. 1894-இல் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்ச்சர் என்பவர் ஒரு வியப்பான விஷயத்தைக் கண்டார். ஒரு கைக்கு மட்டும் பிடிப் பயிற்சி கொடுத்தால், எந்தப் பயிற்சியும் செய்யாத மறு கையும் வலுவடைகிறது. அன்றிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக இது திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. இடது கால் கட்டுக்குள் இருந்தால் வலது காலுக்குப் பயிற்சி கொடுப்பது இடது காலையும் ஓரளவு காப்பாற்றும்.

2014-இல் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் பிரையன் கிளார்க் குழு செய்த ஆய்வு இன்னும் வியப்பு. நலமாக இருந்தவர்களின் மணிக்கட்டை நான்கு வாரம் கட்டுப் போட்டு வைத்தார்கள். ஒரு பகுதியினரை, கையை அசைக்காமல், மணிக்கட்டை இறுக்கி அழுத்துவது போல மனத்தில் நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நினைக்காதவர்கள் 45 சதவீதம் வலுவை இழந்தார்கள். நினைத்தவர்கள் 24 சதவீதம் மட்டுமே இழந்தார்கள். படுத்துக்கொண்டே 1,500 மீட்டர் ஓட்டத்தை ஒவ்வொரு சுற்றாக மனத்தில் ஓடிப் பார்க்கச் சொன்னால் அது வெறும் ஆறுதல் பேச்சு ஆகாது.

ஆகவே என் முதல் கோரிக்கை எளியது. எலும்பு முறிவுப் பிரிவிலிருந்து வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒரு பக்கம் தமிழில் தர வேண்டும். இந்த வாரம் என்ன செய்யலாம், எந்த வாரம் ஊன்றலாம், எந்த மாதம் ஓடலாம் என்று தோராயத் தேதியோடு இருக்கட்டும். உட்கார்ந்தபடி செய்யும் கைப்பயிற்சி, மூச்சுப் பயிற்சி, நல்ல காலுக்கான பயிற்சி ஆகியவை படத்தோடு இருக்கட்டும். கீழே, முதல் சில வாரம் எரிச்சலும் அழுகையும் வரலாம் என்று இரண்டு வரி. சர்க்கரை நோயாளிகளுக்கு இது இன்னும் அவசியம். தினம் நடந்து சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தவர் கால் பிசகிப் படுத்தால் சர்க்கரை ஏறும், அந்தப் பயமே உறக்கத்தைக் கெடுக்கும். நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சியை யாராவது சொல்லித்தர வேண்டும்.

அரசிடம் இதற்கான அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. எத்தனையோ உயிர்களைக் காத்த நல்ல திட்டம். அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் சேவை உண்டு. இந்த இரண்டையும் இணைக்க வேண்டும். 48 மணி நேரத்தில் காப்பாற்றப்பட்டவரின் பேரும் ஊரும் தானாகவே மக்களைத் தேடி மருத்துவத்தின் பட்டியலில் ஏற வேண்டும். நோயாளி கேட்டு வர வேண்டும் என்று வைத்தால், கேட்கத் தெரியாதவர்கள்தான் விடுபடுவார்கள்.

கல்வராயன் மலைக்குத் தனி ஏற்பாடு வேண்டும். மலையில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வாரத்தில் குறித்த நாளில் வர வேண்டும். சந்தை கூடும் நாளாக இருந்தால் துணைக்கு ஆளும் வண்டியும் கிடைக்கும். மலைப் பாதையில் நிற்கும் விதமாக அகன்ற ரப்பர் அடி வைத்த ஊன்றுகோல்களைச் சுகாதார நிலையத்திலேயே வைத்திருந்து கொடுத்து வாங்கலாம். சிறுவங்கூரிலிருந்து வீடியோ அழைப்பில் பார்க்கலாம் என்ற யோசனை, சிக்னல் கிடைக்கும் ஊர்களுக்கு மட்டும்தான் பொருந்தும்.

சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஒன்றை ஆராய வேண்டும். எழுத்துத் தேர்வில் வென்ற பிறகு விபத்தில் காயம்பட்டு, அரசு மருத்துவமனைச் சான்று வைத்திருப்பவருக்கு, உடல்திறன் தேர்வை ஒருமுறை மட்டும் தள்ளி நடத்த வழி உண்டா? இருந்தால், உடைந்த காலோடு ஓடிப் பார்க்கும் விபரீதம் குறையும்.

மைதானத்தில் செய்ய வேண்டியது பயிற்சியாளர்கள் கையில். காயம்பட்டவரை இரண்டாம் வாரத்திலிருந்தே கிரவுண்டுக்குக் கூட்டி வாருங்கள். பைக்கின் பின்னால் உட்கார முடியாது என்றால் ஆட்டோவில். அவர் கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுங்கள், சுற்று எண்ணச் சொல்லுங்கள், சின்னப் பிள்ளைகளுக்குத் தொடக்கம் சொல்லித்தரச் சொல்லுங்கள். வேடிக்கை பார்க்க மட்டும் உட்காரவைத்தால் வேதனை கூடும். வேலை கொடுத்தால் அவர் அணியில் இருக்கிறார். கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு ஊராட்சி தோறும் வந்திருக்கிறது. அந்தப் பொருள்களுக்குக் கணக்கு வைக்கும் பொறுப்பைக் கூட அவருக்கே தரலாம்.

வீட்டார் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். விடியற்காலை எழும் நேரத்தை மாற்றாமல் எழுப்பிவிடுங்கள். பகல் முழுக்கப் போனும் இரவெல்லாம் விழிப்புமாக ஆகவிடாதீர்கள். ஒரு நோட்டில் அன்றன்று முட்டி எவ்வளவு மடங்கியது, எத்தனை அடி நடந்தார் என்று எழுதச் சொல்லுங்கள். ‘எப்போது எழுந்திருப்பாய்’ என்ற கேள்வியை விட்டுவிட்டு ‘இன்றைக்கு என்ன செய்தாய்’ என்று கேளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரிடமும் பேச்சில்லை, இருந்து என்ன பயன் என்ற வார்த்தை ஒருமுறை வந்தாலும் சரி, காத்திருக்கக் கூடாது. 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 2022 அக்டோபரிலிருந்து நாடு முழுக்க இயங்கும் மனநல உதவி எண் அது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரையும் பார்க்கலாம். எலும்பு முறிவு வார்டின் சுவரிலும், கட்டுப் போடும் அறையின் கதவிலும், ஊராட்சி மைதானத்து அறிவிப்புப் பலகையிலும் இந்த எண்ணைப் பெரிதாக எழுதிவைக்கும் வேலையை மாவட்ட நிர்வாகம் இந்த மாதமே தொடங்கலாம்.